பாலித் தீவில் போக்கும் வரத்தும்: ஒரு நடத்துநர்முறை ஆய்வு

போக்குவரத்து என்பது உம்மைத்தொகை. விரித்தால் போக்கும் வரத்தும் என்றாகும். உம்மைத்தொகையில் இரண்டு சொல்லுக்கும் ஒரே மதிப்பு என்பது பள்ளிக்கூடத்தில் பிரம்போடு சொல்லிக்கொடுத்த பாடம். இந்தோனேசியாவின் பாலித் தீவில் எட்டு நாள் அலைந்து திரும்பிய இக்கட்டுரையாளர், இப்பாடத்தில் சிறு திருத்தம் வேண்டுமெனத் தமிழறிஞர் முன் பணிவுடன் விண்ணப்பிக்கிறார். பாலியில் போக்கு உண்டு, கேட்காமலே உண்டு. வரத்துதான் கிடையாது.

கருதுகோளை நூற்பாவாக்கினால் இவ்வாறு வரும்:

போகும் வண்டி புள்ளெனப் பெருகும்;
மீளும் வண்டி விதிவழி வருமே.

என் நுதலிற்றோ எனின், அயலூரான் புறப்படும்போது வண்டிகள் பறவைக் கூட்டம்போல் சூழும் என்பதும், அவனே திரும்ப நினைக்கையில் முன்வினையைப் பொறுத்து ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும் என்பதும் உணர்த்துதல் நுதலிற்று. ‘வருமே’ என்பதன் ஏகாரம் தேற்றமா வினாவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் அது வினா.

இவ்வாய்வின் நெறியாளர் என் சித்தப்பா. கும்பகோணம்–திருச்சி தடத்தில் முப்பத்தொரு ஆண்டு நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். முனைவர் பட்டம் இல்லை. ஆனால் ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்று, எழுபது பேருக்கு டிக்கெட் கிழித்து, பாபநாசத்தில் இறங்க வேண்டியவர் தூங்கிக்கொண்டிருப்பதையும் நினைவில் வைத்திருந்தவர். வெளிநாடு போகலாம் சித்தப்பா என்று கேட்டபோது அவர் முதலில் கேட்டது, “ரிட்டர்ன் எத்தனை மணிக்குடா?” ஆய்வின் மையக் கேள்வி அப்போதே பிறந்துவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை.

களத்தைப் பற்றிச் சில வார்த்தை. பாலி நிலநடுக்கோட்டுக்கு எட்டு பாகை தெற்கே இருக்கிறது. பரப்பு சுமார் 5,600 சதுர கிலோமீட்டர். நடுவில் எரிமலை வரிசை; அதில் பெரியது ஆகுங், 3,000 மீட்டருக்கு மேல். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் நிலத்தை ஆழமாக அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடுகின்றன. அந்தப் பள்ளங்களுக்கு இடையே உள்ள மேட்டின் மேல்தான் சாலை போட முடியும். ஆகவே சாலைகளும் மலையிலிருந்து கடலுக்கே ஓடுகின்றன. எதிர் மேட்டு ஊர்க் கோயிலில் மணியடித்தால் இந்த ஊரில் கேட்கும். ஆனால் அங்கே போக வேண்டுமானால் கீழே இறங்கி, பாலம் தேடி, மறுபடி ஏற வேண்டும். வரைபடத்தில் விரற்கடை தூரம், வண்டியில் முக்கால் மணி நேரம்.

ரயில் இல்லை. ஊர்க்காரர்களுக்காக 2020இல் தெற்குப் பகுதியில் ‘டிரான்ஸ் மெட்ரோ தேவாதா’ என்ற நகரப் பேருந்து வந்தது. சித்தப்பா அதில் ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கினார். காசு வாங்க ஆள் இல்லாமல் அட்டையைத் தேய்த்துப் போகும் முறையைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பழைய காலத்தில் ‘பெமோ’ என்று ஒரு சிற்றுந்து தீவெங்கும் ஓடியது. ‘பெச்சாக்’ என்றால் மிதிரிக்‌ஷா, அதோடு ‘மோட்டார்’ சேர்ந்து பெமோ. வீட்டுக்கு வீடு ஸ்கூட்டர் வந்ததும் பெமோ தேய்ந்துபோயிற்று. சுற்றுலாப் பயணிகளுக்கென்று வந்த ஒரு பேருந்துக்கு ‘குரா-குரா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குரா-குரா என்றால் ஆமை. போக்குவரத்துத் துறை வரலாற்றில் இவ்வளவு நேர்மையான பெயரைத் தாம் கண்டதில்லை என்பது நெறியாளர் கருத்து. “நம்மூர்ல இதே வண்டிக்கு மின்னல்னு எழுதியிருப்பான்.”

எஞ்சுவன நான்கு: வாடகை ஸ்கூட்டர், ஓட்டுநரோடு நாள் வாடகைக் கார், செயலியில் அழைக்கும் வண்டி, சொந்தக் கால். கடைசியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நடைபாதை உண்டு. அதில் கடைக்குக் கடை குருத்தோலையில் பின்னிய சிறு தட்டில் பூவும் அரிசியும் ஊதுபத்தியும் வைத்திருப்பார்கள். ‘சானாங் சாரி’ என்று பெயர், அன்றாடப் படையல். மிதிக்கக் கூடாதென்று ஒதுங்கினால் பக்கத்திலேயே மூடியில்லாத சாக்கடைக் குழி. பக்திக்கும் எலும்பு முறிவுக்கும் இடையே ஒன்றரை அடி.

ஸ்கூட்டரும் எங்களுக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. நாளுக்கு 80,000 ரூபியா வாடகை. எண்ணைக் கேட்டு மயங்க வேண்டாம், ஒரு லட்சமே அங்கே ஒற்றைத் தாள். பெட்ரோலைச் சாலையோரப் பெட்டிக்கடையில், வோட்கா குடித்துத் தீர்ந்த புட்டிகளில் ஊற்றி வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் கடை திறந்ததும் ஒருவர் அந்தப் புட்டியை எடுத்து வண்டிக்கு ஊட்டுவதைக் கண்ட சித்தப்பா, “வண்டியே குடிச்சிட்டுத்தான் ஓடுதுன்னா அதுல நான் ஏற மாட்டேன்” என்று இறங்கிவிட்டார். பின்னிருக்கையில் உட்கார்ந்து போவது தம் பணி மரபுக்கு ஒவ்வாதது என்ற காரணத்தையும் பிறகு சேர்த்துக்கொண்டார்.

இனி மொழியியல். ஆய்வின் செழிப்பான பகுதி இதுவே.

பாலியில் அயலூரான் செவியில் முதலில் விழும் சொல் ‘டிரான்ஸ்போர்ட்?’ என்பது. சொல்பவர் இரு கைகளாலும் இல்லாத ஸ்டியரிங் ஒன்றைப் பிடித்து ஆட்டுவார். உபுத் ஊரின் பெரிய தெருவில் சித்தப்பா இதை எண்ணத் தொடங்கி இருபதோடு நிறுத்தினார். இச்சொல்லோடு பெரும்பாலும் இன்னொரு வினாவும் வரும்: ‘மாவ் கெ மானா?’ எங்கே போகிறீர்கள் என்று பொருள். அது வேவு பார்ப்பதல்ல, வணக்கம் சொல்வதுபோலத்தான். ஆனால் நம் மரபில் புறப்படுகிறவனை எங்கே என்று கேட்டால் போன காரியம் விளங்காது. கேட்டே ஆகவேண்டுமானால் “தூரமா?” என்றுதான் கேட்க வேண்டும். முதல் நாள் ஒவ்வொரு வினாவுக்கும் சித்தப்பா வாசல்வரை திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டார். அன்று நாங்கள் கடற்கரையை அடையவே இல்லை.

சரியான விடை ‘ஜாலான்-ஜாலான்’. ஜாலான் என்றால் சாலை, நடப்பதும் அதுவே. இரட்டித்தால் சும்மா சுற்றுதல். தனித்தும் பொருள் தருவதால் நன்னூல் வழியில் இதை அடுக்குத்தொடர் என்று கொள்ளலாம். ‘குப்பு-குப்பு’ என்றால் வண்ணத்துப்பூச்சி. ஒற்றைக் குப்புவுக்குப் பொருளில்லை, ஆகவே இரட்டைக்கிளவி. சிக்கல் ‘ஹாத்தி-ஹாத்தி’யில் வருகிறது. வளைவுக்கு வளைவு இச்சொல்லைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பம்பாயில் கொஞ்ச நாள் இருந்த சித்தப்பா, யானை கடக்கும் இடம் என்று இருபுறமும் கவனமாகப் பார்த்துவந்தார். ஹாத்தி என்றால் அங்கே ஈரல். உள்ளம் குடியிருக்கும் இடமும் அதுவே. ‘ஈரல், ஈரல்’ என்றால் ‘கவனம்’. அந்தச் சாலையில் லாரியை முந்தும் ஸ்கூட்டரையும், ஸ்கூட்டரை முந்தும் இன்னொரு ஸ்கூட்டரையும், அதன் பக்கவாட்டில் கட்டிய அலைச்சறுக்குப் பலகையையும் பார்த்தவருக்கு ஈரலின் இருப்பிடம் தெளிவாகத் தெரியும்.

காலத்தை அளக்கும் சொல் ‘ஜாம்’. அவர்கள் மொழியில் ஜாம் என்றால் ஒரு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து உபுத் சுமார் 35 கிலோமீட்டர். எவ்வளவு நேரம் என்று கேட்டோம். ‘கிரா-கிரா சாத்து ஜாம்’ என்றார் ஓட்டுநர். ஏறக்குறைய ஒரு ஜாம். போனபோது மூன்று ஜாம் வந்தன, மூன்றும் நாம் அறிந்த ஜாம். இந்தோனேசியர்களே தங்கள் நேரத்துக்கு ‘ஜாம் காரெட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: ரப்பர் மணி. எனவே இரண்டாம் நூற்பா:

மணியெனப் படுவது ரப்பர் தானே;
இழுத்தவன் கையில் நீளும் என்ப.

‘என்ப’ என்றதால் இது முன்னோர் கூற்று. முன்னோராவார் சிக்னலில் எங்களுக்கு முன்னால் நின்றோர்.

திசைச் சொற்களில் நமக்கும் அவர்களுக்கும் ஓர் ஆழ்ந்த ஒற்றுமை இருக்கிறது. பாலியில் ‘காஜா’ என்றால் மலைப் பக்கம், ‘கெலோட்’ என்றால் கடல் பக்கம். வீட்டில் சாமி இடம் எங்கே, தலை வைத்துப் படுப்பது எங்கே என்பதெல்லாம் காஜாவைப் பார்த்துத்தான். தெற்குப் பாலியில் மலை வடக்கே இருப்பதால் அங்கே காஜா வடக்கு. மலையைத் தாண்டி வடகரையில் சிங்கராஜாவுக்குப் போனால் அதே காஜா தெற்காகிவிடும். வெள்ளைக்காரப் பயணி இதைக் கேட்டு வியந்து குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். நாம் வியக்கத் தேவையில்லை. மேல் இருப்பதால் மேற்கு, கீழ் இருப்பதால் கிழக்கு. நாமும் மலைக்கும் கடலுக்கும் நடுவே நின்று திசை வைத்தவர்களே. பாலக்காட்டைத் தாண்டிய பிறகு மலை கிழக்கே போய்விட்டது; மலையாளிகள் மேற்கைப் ‘படிஞ்ஞாறு’ என்று பொழுது சாய்வதை வைத்து மாற்றிக்கொண்டார்கள், ஆனால் கிழக்கை மட்டும் கிழக்காகவே விட்டுவிட்டார்கள். பாலிக்காரர்கள் அந்தக் கவனக்குறைவைச் செய்யவில்லை. மலை எங்கே போகிறதோ, சொல்லும் பின்னாலேயே போகிறது.

இதிலிருந்து சித்தப்பா ஒரு வாய்பாடு எடுத்தார். நாங்கள் தங்கியிருந்தது தெற்குக் கடலோரம். ஆகவே காஜா போக்கு, கெலோட் வரத்து. “மேல போறது அப் டிரிப், கீழ வர்றது டவுன் டிரிப். அவ்வளவுதான்டா.” நான்கு நாள் இது நன்றாகவே வேலை செய்தது. ஐந்தாம் நாள் சிங்கராஜாவில், வரத்துக்கென்று கெலோட் பக்கமே நடந்து, வடக்குக் கடலில் கால் நனைத்தோம்.

வரத்தின்மை பாலிக்குப் புதிதல்ல. 2017 நவம்பர் கடைசியில் ஆகுங் சாம்பல் கக்கி விமான நிலையத்தை மூடியபோது, ஊர் பார்க்க வந்த பல்லாயிரம் பேர் பெட்டியும் கையுமாக நின்றார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் அவர்களே விரும்பி மூடுகிறார்கள். சக ஆண்டுப் பிறப்பான ‘ஞெப்பி’ நாளில் காலை ஆறிலிருந்து மறுநாள் ஆறு வரை தீ, வேலை, பயணம், களியாட்டம் நான்கும் விலக்கு. விமானம் இறங்காது, எழாது. கட்டம் போட்ட துணி கட்டிய ஊர்க்காவலர்கள் தெருவில் யாராவது தலைகாட்டினால் உள்ளே அனுப்பிவிடுவார்கள். 2018 முதல் கைப்பேசி இணையமும் அன்று ஓய்வு. எட்டு நாள் ஆய்வில் நான் அறிந்தவரை, போக்கும் வரத்தும் உண்மையிலேயே உம்மைத்தொகையாக, ஒரே மதிப்போடு இருப்பது அந்த ஒரு நாள்தான். இரண்டும் பூஜ்யம்.

வண்டி மேல் அவர்கள் வைத்திருக்கும் மரியாதையையும் சொல்ல வேண்டும். 210 நாளுக்கு ஒருமுறை ‘தும்பெக் லண்டெப்’ என்றொரு நாள் வருகிறது. முன்பு குறுவாள் போன்ற உலோகப் பொருள்களுக்குப் படைத்தார்கள், இப்போது காரும் ஸ்கூட்டரும் அந்த வரிசையில் சேர்ந்து ஓலைத் தோரணத்தோடு நிற்கின்றன. நம் ஆயுத பூசையேதான். கணக்குப் பார்த்தால் சில ஆண்டில் இரண்டு முறை வரும் என்று தெரிந்ததும் சித்தப்பாவுக்குப் பணிக்காலத்தில் இழந்த பொரிகடலைப் பொட்டலங்கள் கண்முன் வந்தன.

ஓட்டுநர்களின் பெயரிலும் ஒரு செய்தி இருக்கிறது. முதல் பிள்ளை வாயான், இரண்டாவது மாதே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெதுத். ஆணானாலும் பெண்ணானாலும் வழக்கம் இதே. ஐந்தாவது பிறந்தால் மறுபடி வாயானிலிருந்து தொடங்குவார்கள். அந்தப் பிள்ளையை ‘வாயான் பாலிக்’ என்பதும் உண்டு. பாலிக் என்றால் திரும்புதல். பிள்ளை பெறுவதில்கூட ரிட்டர்ன் டிரிப் வைத்திருக்கும் தீவில் டாக்சிக்கு மட்டும் அது இல்லாமல் போனது எப்படி? இக்கேள்விக்கு விடை ஊலுவத்துவில் கிடைத்தது.

ஊலுவத்து தீவின் தென்மேற்குக் கோடியில், கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை உச்சியில் உள்ள கோயில். விமான நிலையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பொழுது சாயும் நேரத்தில் அங்கே ‘கெச்சாக்’ நடக்கும். மேளம் இல்லை, நாதசுரம் இல்லை. வட்டமாக உட்கார்ந்த ஆண்கள் ‘சக் சக்’ என்று வாயாலேயே தாளம் போட நடுவில் ராமாயணம். செயலியில் 130,000 ரூபியாவுக்கு வண்டி பிடித்துச் சுகமாகப் போய் இறங்கினோம்.

முதல் வேலையாக ஒரு குரங்கு என் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டது. இது பற்றி முன்னாய்வு உண்டு. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஊலுவத்துக் குரங்குகள் பறித்த பொருளைக் கொடுத்துத் தின்பண்டம் வாங்குகின்றன என்றும், வளர்ந்த குரங்குகள் மனிதர் அதிகம் மதிக்கும் பொருளாகப் பார்த்து எடுக்கின்றன என்றும் கண்டிருக்கிறார்கள். கோயில் ஆள் ஒரு பழம் நீட்டினார். குரங்கு வாங்கிப் பக்கத்தில் வைத்தது, கண்ணாடியைக் கொடுக்கவில்லை. இரண்டாவது பழத்துக்கு வியாபாரம் முடிந்தது. சித்தப்பா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “அவசரப்படலை பாத்தியா?” என்றார் மரியாதையோடு.

ஆட்டம் முடிந்து ஆயிரத்துக்குக் குறையாத கூட்டம் ஒரே வாசல் வழியாக வெளியே வந்தது. செயலியைத் திறந்தேன். சுற்றியது, சுற்றியது, நின்றது. ஓட்டுநர் எவரும் இல்லை. அப்போதுதான் அந்தப் பலகை கண்ணில் பட்டது: செயலி வண்டிகள் இங்கே ஆள் இறக்கலாம், ஏற்றக் கூடாது.

“ஆப்புன்னு பேரு வெச்சப்பவே யோசிச்சிருக்கணும்” என்றார் சித்தப்பா. ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை, தெரிந்த ஊருக்கு வந்த தெளிவு இருந்தது. “இது ஸ்டாண்டு தகராறுடா. நம்மூர் ஆட்டோ ஸ்டாண்டுல வெளி ஆட்டோ ஆள எறக்கலாம், ஏத்துனா விடுவானா? அந்தந்த ஊர்க்காரன் சங்கம் வெச்சிருக்கான். அவன் நெலம், அவன் கோயில், அவன் சவாரி. உள்ள விட்டதே பெருசு.” கான்ஃபரன்ஸ் அரங்குகளில் இத்தனை சுருக்கமாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. உபுத்திலும், கடற்கரை ஊர்களிலும், கோயில் வாசல்களிலும் நாங்கள் கண்ட வரத்தின்மை எல்லாம் இந்த ஒரே விதியில் அடங்கின.

ஊர் சங்கத்து வண்டிக்காரர் ஒருவர் வந்தார். ‘நானூறு’ என்றார். ஆயிரத்தை விழுங்கிவிட்டுப் பேசுவதுதான் அங்கே வழக்கம். வந்தது நூற்றுமுப்பது, திரும்ப நானூறா என்று நான் கொதித்தேன். கப்பல் என்ற சொல்லையே ‘காப்பால்’ என்று உங்களுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள், எங்களுக்கே இந்த விலையா என்று வரலாற்று ஆதாரத்தோடு தொடங்கினேன். சித்தப்பா கையமர்த்தினார்.

“ராமர் எலங்கைக்கு எப்படிப் போனாரு? நடந்து, பாலம் கட்டி. திரும்ப எப்படி வந்தாரு? புஷ்பக விமானம். அது யாரு வண்டி? ராவணன் வண்டி, விபீஷணன் குடுத்தான். சாமியே ரிட்டர்னுக்கு உள்ளூர் வண்டியிலதான் வந்திருக்கு. நீ என்ன பெரிய இவனா?”

பிறகு கணக்கு போட்டார். இவர் எங்களை விட்டுவிட்டு வரும்போது வண்டி காலி. நம் ஸ்டாண்டில் அவரும் ஆள் ஏற்ற முடியாது. ஆகவே நூற்றுமுப்பது இரண்டு தடவை, இருநூற்றறுபது. வாகன நிறுத்தத்துக்குப் பத்து. காலி டிரிப்புக்கும் டீசல் குடிக்கத்தானே செய்யும் என்பது முப்பத்தொரு ஆண்டுத் தரவு. இருநூற்றெழுபது என்றார். வண்டிக்காரர் சிரித்தார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார். அந்த உட்காரும் முறையை அவர் எங்கே கற்றார் என்பது எனக்குத் தெரியும். கூட்டம் கரைந்தது. வண்டிக்காரரே வந்து கதவைத் திறந்தார்.

விடுதி வாசலில் மூன்று ஒரு லட்சத் தாள் கொடுத்தோம். வண்டிக்காரர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிக் கை விரித்தார். சில்லறைக்கு அவர்கள் மொழியில் ‘கெம்பாலியான்’. அது ‘கெம்பாலி’ என்ற சொல்லிலிருந்து வந்தது; கெம்பாலி என்றால் திரும்புதல். யாராவது நன்றி சொன்னால் பதிலுக்குச் சொல்வதும் கெம்பாலியே. ஆக இத்தீவில் சில்லறையும் வரத்தும் ஒரே வேர்ச்சொல். ஒன்று இல்லாத இடத்தில் மற்றதும் இருக்காது.

போகட்டும் சித்தப்பா, முப்பதுதானே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில் பின்னாலேயே ஓடிவந்த அத்தனை பயணிகளும் இருந்தார்கள். கெச்சாக் டிக்கெட்டைத் திருப்பி வண்டிக்காரரிடம் நீட்டினார். தம் பைப் பேனாவையும் கொடுத்தார். வண்டிக்காரருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்து, டிக்கெட் பின்னால் ‘30’ என்று எழுதி, சுழித்து, கீழே ஒரு கையெழுத்தும் போட்டார்.

“தெரிமா காசி” என்றார் சித்தப்பா.

“கெம்பாலி” என்றார் அவர்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் விடுதி வாசலில் நின்றுகொண்டிருந்தார். சில்லறை கொண்டுவரவில்லை, வண்டியைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கைகளாலும் இல்லாத ஸ்டியரிங்கை ஆட்டிக் காட்டினார். சித்தப்பா டிக்கெட்டை எடுத்து, திருப்பி, கையெழுத்தைச் சரிபார்த்துக்கொண்டு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்கதவைச் சாத்தியதும் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினார்.

“ரைட்.”